பூமிக்கு முன்பே உறைந்த எரிமலைக் குழம்பு

அல்ஜீரியாவின் தென்மேற்கே, சஹாராவுக்குள், எர்க் செக் என்றொரு மணற்கடல் இருக்கிறது. 2020 மே மாதம் அங்கே சில கற்கள் கிடைத்தன. எல்லாம் சேர்த்து சுமார் 32 கிலோ. பழுப்பும் மணல் நிறமும் கலந்த கல்; நடுநடுவே பச்சை நிறத்தில் பெரிய படிகங்கள். பார்த்தால் ஏதோ எரிமலை அடிவாரத்தில் கிடந்த கல் என்றுதான் தோன்றும். அப்படி நினைத்தால் பாதி சரி. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கல்தான் அது. ஆனால் அந்தக் குழம்பு பொங்கியது பூமியில் இல்லை. அது பொங்கிய உலகம் இன்று இருப்பதாகவும் தெரியவில்லை. கல்லின் வயது 456 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அது உறைந்த சமயத்தில் பூமி இன்னும் முழுசாக உருவாகியிருக்கவில்லை.

எர்க் செக் 002 என்பது அதன் பெயர். கிடைத்த இடத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து வைப்பதுதான் பாலைவன விண்கற்களுக்கு வழக்கம். இந்த மாதிரிக் கற்களுக்கு ஆய்வாளர்கள் ஏன் இத்தனை மதிப்புக் கொடுக்கிறார்கள், சேகரிப்பவர்கள் ஏன் கிராம் கணக்கில் பணம் கொட்டுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வானத்திலிருந்து விழுந்ததைப் பார்த்து எடுக்கப்பட்ட விண்கற்களில் நூற்றுக்கு 85க்கும் மேல் காண்டிரைட்டு என்ற வகைதான். 1857இல் அன்றைய மதராஸ் மாகாணத்தில் விழுந்து, பார்னல்லி என்ற பெயரில் பதிவான கல்லும் அந்த வகையே. காண்டிரைட்டை வெட்டிப் பார்த்தால், எள்ளுருண்டையில் எள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கமாக இருக்கும். சூரியனைச் சுற்றியிருந்த தூசிமண்டலத்தில் மிதந்த துளிகள் அவை. அவை ஒன்றாகச் சேர்ந்து கல்லான பிறகு அந்தக் கல் ஒருபோதும் முழுதாக உருகவில்லை. உருகியிருந்தால் உருண்டைகள் மிஞ்சியிருக்காது.

சிறுபான்மையான சில கற்களில் இந்த உருண்டைகளே கிடையாது. அவை பிறந்த சிறு உலகம் உள்ளுக்குள் சூடேறி உருகியிருக்கிறது. கனமான இரும்பு அடியில் இறங்க, லேசான பாறைக்குழம்பு மேலே வந்து உறைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தீப்பாறை என்று படித்தோமே, அதே சமாச்சாரம்தான். நடந்த இடம் மட்டும் விண்வெளி. இவற்றுக்கு அகாண்டிரைட்டு என்று பொதுப்பெயர். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களும் இதற்குள் அடக்கம். ஆனால் நம் கட்டுரையின் நாயகர்கள் அவை அல்ல. சூரியக் குடும்பத்தின் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே உருகி உறைந்து முடித்தவைதான் நமக்கு வேண்டியவை.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். பூமி பெரிய கோள். அதன் உள்ளே இன்னும் சூடு இருக்கிறது என்றால் நம்பலாம். சில நூறு கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறுகோள், பிறந்த சூட்டோடு சூடாக எப்படி உருகியது?

காரணம் அலுமினியம். நம் வீட்டுப் பாத்திரத்தில் இருப்பது அலுமினியம்-27; அது அசையாமல் அப்படியே இருக்கும். சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பும் (அதே தனிமம்தான், அணுவின் எடை மட்டும் வேறு) கூடவே கலந்திருந்தது. அது சிதைந்து மெக்னீசியம்-26 ஆக மாறும்போது வெப்பம் வெளிவரும். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள்தான். அதாவது 7 லட்சம் ஆண்டுகளில் பாதி தீர்ந்துவிடும், அடுத்த 7 லட்சத்தில் மிச்சத்தில் பாதி. சீக்கிரமே திரண்ட சிறுகோள்கள் இந்தச் சூட்டை நிறைய வாங்கிக்கொண்டு உள்ளுக்குள் உருகின. தாமதமாகத் திரண்டவற்றுக்குச் சூடு பற்றவில்லை. அவை காண்டிரைட்டாகவே நின்றுவிட்டன. ஒரு சிறுகோளின் தலையெழுத்தை அது பிறந்த நேரமே முடிவு செய்தது என்று சொன்னால் அது சோதிடம் அல்ல, இயற்பியல்.

இதற்குச் சாட்சி சொன்ன கற்களில் ஒன்று இந்தியாவில் விழுந்தது. 1996 ஜூன் 20 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் பிப்லியா கலான் என்ற ஊரில் விழுந்த கல் அது. யூக்ரைட்டு வகை. வெஸ்டா என்ற சிறுகோளின் மேலோட்டிலிருந்து இந்த வகைக் கற்கள் வருவதாகக் கருதப்படுகிறது. நாசாவின் டான் விண்கலம் 2011இல் வெஸ்டாவுக்குப் போய் ஓராண்டுக்கு மேல் சுற்றியபோது அந்தக் கருத்து மேலும் உறுதியானது. அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி ஆகியோர் பிப்லியா கலான் கல்லை ஆராய்ந்தார்கள். அதில் அலுமினியம்-26 ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததற்கான தடயம் இருப்பதை 1999இல் வெளியிட்டார்கள். (இந்த கோஸ்வாமிதான் பின்னாளில் சந்திரயான்-1 திட்டத்தின் முதன்மை அறிவியலாளர்.)

தீர்ந்துபோன ஒரு பொருள் முன்பு இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? குழம்பு உறையும்போது வெவ்வேறு தாதுக்கள் படிகமாகும். சிலவற்றில் அலுமினியம் நிறைய இருக்கும், மெக்னீசியம் அனேகமாக இருக்காது. அப்படிப்பட்ட தாதுவில் மெக்னீசியம்-26 மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அது அங்கேயே பிறந்திருக்க வேண்டும். அலுமினியம்-26 தீர்வதற்குள் கல் உறைந்துவிட்டது என்று பொருள். கூடுதல் எவ்வளவு என்று அளந்தால், எப்போது உறைந்தது என்றும் கணக்கிடலாம். சூடேற்றிய அடுப்பே கடிகாரமாகவும் இருக்கிறது.

இது குறுகிய கால நிகழ்வுகளை அளக்கும் கடிகாரம். நீண்ட காலத்தை அளக்க யுரேனியம் உண்டு. யுரேனியம்-238, யுரேனியம்-235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து வெவ்வேறு ஈய ஐசோடோப்புகளாக முடிகின்றன. இரண்டு ஈயங்களின் விகிதத்தைப் பார்த்தால் கல்லின் வயது நேரடியாகக் கிடைக்கும். இந்த முறையில் சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருளுக்குக் கிடைத்த வயது 456.73 கோடி ஆண்டுகள். 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே போன்ற காண்டிரைட்டுகளில் காணப்படும் வெள்ளைத் துணுக்குகள் அவை. எர்க் செக் 002க்கு 2023இல் வெளியான வயது 456.556 கோடி ஆண்டுகள். பிழை அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுதான். இரண்டையும் கழித்தால் சுமார் 17 லட்சம் ஆண்டுகள். தூசிமண்டலத்தில் முதல் திடப்பொருள் தோன்றி 17 லட்சம் ஆண்டுகளுக்குள் ஒரு உலகம் திரண்டு, உருகி, மேலே எரிமலைப் பாறை உறைந்தும் விட்டது. பூமியில் இதுவரை கிடைத்த மிகப் பழைய பாறைகளுக்கே வயது சுமார் 400 கோடிதான். அதற்கு முந்தையதையெல்லாம் பூமி தின்று செரித்துவிட்டது.

எர்க் செக் கல்லில் வயது மட்டும் ஆச்சரியம் இல்லை. அதன் கலவை இன்னும் விசித்திரம். வெஸ்டாவின் யூக்ரைட்டு உட்பட, நமக்குத் தெரிந்த பழைய விண்வெளித் தீப்பாறைகளில் பெரும்பாலானவை பசால்ட் வகை. தக்காணப் பீடபூமியில் மகாராஷ்டிராவின் பெரும்பகுதியில் பரந்து கிடக்கும் கறுப்புப் பாறையின் உறவினர்கள். எர்க் செக்கோ ஆண்டிசைட்டு. சிலிக்கா 58 சதவீதம், சோடியமும் அதிகம். பூமியில் ஆண்டிசைட்டு என்றாலே ஆண்டிஸ் மலைத்தொடர் மாதிரி இடங்கள்தான் நினைவுக்கு வரும்: கடல் தட்டு கண்டத்துக்கு அடியில் நழுவி, தண்ணீரின் உதவியோடு பாறை உருகும் இடங்கள். ஒரு வறண்ட குட்டி உலகத்துக்கு அந்த வசதி ஏது?

பிரான்சின் பிரெஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான்-அலிக்ஸ் பாரா தலைமையிலான குழு 2021இல் இதற்கு விடை சொன்னது. காண்டிரைட்டு போன்ற பாறை முழுதாக உருகாமல் கால்பங்கு அளவுக்கு மட்டும் உருகினால், முதலில் வடிகிற குழம்பு ஆண்டிசைட்டாகத்தான் இருக்கும். தண்ணீரும் வேண்டாம், கண்டத் தட்டும் வேண்டாம். அப்படியானால் ஆரம்ப காலச் சிறு உலகங்கள் பலவற்றுக்கு மேலோடு ஆண்டிசைட்டாகவே இருந்திருக்கலாம். அப்புறம் ஏன் நமக்குக் கிடைப்பதெல்லாம் பசால்ட்? அந்த உலகங்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வளர்ந்துகொண்டிருந்த கோள்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கல் பிரதிபலிக்கும் ஒளியின் சாயலை ஆயிரக்கணக்கான சிறுகோள்களின் ஒளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பூமிக்குள்ளும் அந்த மாதிரி மேலோட்டின் ஒரு பங்கு கலந்திருக்கக் கூடும்.

இன்னொரு சிக்கலையும் இந்தக் கல் கிளப்பியது. எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான். அலுமினியக் கடிகாரத்தை நம்ப வேண்டுமானால், சூரியக் குடும்பம் முழுக்க அலுமினியம்-26 ஒரே சீராகப் பரவியிருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். எர்க் செக் கல்லில் ஈய வயதையும் அலுமினியக் கணக்கையும் மிகத் துல்லியமாக அளக்க முடிந்தது. அவற்றை ஆங்ரைட்டு என்ற வேறொரு பழைய தீப்பாறை வகையோடு ஒப்பிட்டபோது கணக்கு உதைத்தது. எர்க் செக் பிறந்த பகுதியில் ஆங்ரைட்டு பிறந்த பகுதியைவிட அலுமினியம்-26 மூன்று நான்கு மடங்கு அதிகம் என்று ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழு 2023இல் எழுதியது. விறகு எல்லா அடுப்புக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் இந்தக் கடிகாரத்தை வைத்துச் சொன்ன பல வயதுகளை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்ரைட்டு என்றேன். விண்கல் பிரியர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். பதிவான விண்கற்கள் 70,000க்கும் மேல். அவற்றில் ஆங்ரைட்டு சில டஜன்தான். 1869 ஜனவரியில் பிரேசிலின் ஆங்ரா தோஸ் ரெய்ஸ் ஊரில் கடலுக்குள் விழுந்த ஒரு கல்லிலிருந்து வகைக்கே பெயர் வந்தது. அதைத் தண்ணீரில் முங்கி எடுத்தார்கள். மொத்தமே ஒன்றரைக் கிலோ அளவுதான். அதன் ஒரு துண்டு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தது. 2018 செப்டம்பரில் அந்தக் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தபின் இடிபாடுகளுக்குள் தேடி மீட்டெடுத்தார்கள்.

அர்ஜென்டினாவின் தோர்பினி கதை வேறு. 1979இல் ஒரு விவசாயி மக்காச்சோளக் காட்டை உழும்போது பதினாறரைக் கிலோ கல் ஒன்று ஏரில் தட்டுப்பட்டது. பழங்குடியினர் செய்து வைத்த ஏதோ பொருள் என்று நினைத்து எடுத்துவைத்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத்தான் அது விண்கல், அதுவும் ஆங்ரைட்டு என்று தெரிந்தது. அதற்குள் கிடைத்திருந்த மற்ற ஆங்ரைட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த எடை வராது. குழம்பிலிருந்து வாயு வெளியேறிய குமிழ்த் துளைகள் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன. வேகமாக உறைந்த கல் என்பதால் அதன் கடிகாரங்கள் கலங்கவில்லை. அதனால் மற்றக் கற்களின் வயதைச் சரிபார்க்கும் அளவுகோலாகவே தோர்பினியைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, விலைக்கு வருவோம்.

வகை தெரியாத பாலைவனக் காண்டிரைட்டு கிராமுக்கு ஒன்றிரண்டு டாலருக்கே கிடைக்கும். ஆங்ரைட்டு கிராமுக்கு நூற்றுக்கணக்கான டாலர் போகும். எர்க் செக் 002 இரண்டுக்கும் நடுவில். வகையில் அது தனிப்பிறவிதான். ஆனால் 32 கிலோ கிடைத்துவிட்டதே! சந்தைக்கு முக்கியம் உலகத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். அதற்கடுத்து அழகு. மெல்லிய வில்லையாக வெட்டி மெருகேற்றினால் பச்சைப் படிகங்கள் தெரியும் துண்டுக்கு ஒரு விலை, தெரியாத துண்டுக்கு ஒரு விலை. வெட்டும்போது ரம்பத்தின் தடிமனுக்குக் கல் பொடியாகிப் போகும், அந்த நஷ்டமும் விலையில் ஏறும்.

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் நியூயார்க்கில் சதபீஸ் ஏல நிறுவனம் 24.67 கிலோ எடையுள்ள செவ்வாய்க் கல் ஒன்றை வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 53 லட்சம் டாலருக்கு விற்றது. அதுவும் தீப்பாறைதான். 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லின் பெயரால் அழைக்கப்படும் வகை. எர்க் செக்கோடு ஒப்பிட்டால் இந்த வகை சின்னப் பிள்ளை. ஆனால் "செவ்வாயிலிருந்து வந்தது" என்று சொன்னால் யாருக்கும் புரிகிறது. "அழிந்துபோன பெயரில்லாத உலகத்தின் ஆண்டிசைட்டு" என்று சொன்னால் விருந்தாளி தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார். என்னைக் கேட்டால், சந்தை மலிவாக மதிப்பிட்டு வைத்திருக்கும் கற்கள் இவைதான். அந்தச் செவ்வாய்க் கல் நைஜர் நாட்டில் கிடைத்தது. ஏலத்துக்குப் பிறகு, அது எப்படி வெளியே போனது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. பாலைவன விண்கல் வியாபாரத்தில் இந்தக் கேள்வி எப்போதும் கூடவே இருக்கும்.

வியாபாரிகளைத் திட்டுவதும் சுலபம் இல்லை. பாலைவனத்தில் நாள்கணக்கில் அலைந்து கல் பொறுக்குபவர்கள் பணத்துக்காகத்தான் அலைகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எர்க் செக் இன்னும் மணலில் கிடந்து காற்றில் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு கல்லுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டுமென்றால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதை ஒரு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயர்க்குழு வைத்திருக்கும் விதி அது. பெயர் இல்லாத கல்லுக்கு நல்ல விலை இல்லை; அதனால் விற்பவரே ஆய்வகத்தைத் தேடி வருகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் கிடைத்த இடம் பதிவாகாத கற்களும் ஏராளம். வடமேற்கு ஆப்பிரிக்கா என்று பொதுவாகப் பெயர் போட்டு எண் கொடுத்துவிடுவார்கள். மொராக்கோச் சந்தையில் வாங்கியது என்பதற்கு மேல் தகவல் இருக்காது.

இதைவிட மோசமான இழப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. அதற்குக் காரணம் காந்தம். கல் விண்கல்லா என்று பார்க்க, வலுவான காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது விண்கல் வேட்டைக்காரர்களின் பழக்கம். காண்டிரைட்டில் இரும்பு இருப்பதால் ஒட்டும். பழைய தீப்பாறைகள் பலவற்றில் இரும்பு உலோகம் சொற்பம். ஒட்டவில்லை என்று நல்ல கல்லையே தூக்கிப் போட்டுவிடும் ஆபத்து இதில் உண்டு. அதைவிடப் பெரிய கேடு வேறு. உறைந்த காலத்தில் சுற்றிலும் இருந்த காந்தப்புலம் கல்லுக்குள் மெல்லிய பதிவாகத் தங்கியிருக்கும். எர்க் செக் கல்லிலிருந்து, சூரியனைச் சுற்றியிருந்த வாயு மண்டலத்தின் காந்தப்புலத்தையே படித்து 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். வலுவான காந்தத்தை ஒரு முறை அருகே கொண்டுபோனால் போதும், 456 கோடி ஆண்டுப் பதிவு ஒரு நொடியில் அழிந்து, அந்தக் காந்தத்தின் முத்திரை விழுந்துவிடும். கறுப்பழகி என்று செல்லப்பெயர் பெற்ற செவ்வாய்க் கல்லுக்கு இப்படித்தான் ஆனது. அதன் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், கைக்காந்தங்கள் பழைய பதிவை மூடி எழுதிவிட்டதை 2023இல் விளக்கினார்கள்.

பூமிப் பாறையை விண்கல் என்று யாராவது ஏமாற்றினாலோ, நாமே அப்படி நினைத்து ஏமாந்தாலோ எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் முடியாது, தீப்பாறை விண்கல் அந்த அளவுக்கு ஊர்க் கல் மாதிரியே இருக்கும். விழுந்து அதிக நாள் ஆகாத யூக்ரைட்டுக்குக் கறுப்பு வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கும் மேல்தோல் இருக்கும், அது ஒரு நல்ல அடையாளம். பாலைவனத்தில் பல காலம் கிடந்ததில் அதுவும் தேய்ந்திருக்கும். கடைசித் தீர்ப்பு ஆக்ஸிஜனிடம். ஆக்ஸிஜன்-16, 17, 18 மூன்றின் விகிதம் பூமிக்கு ஒரு மாதிரி, வெஸ்டாவுக்கு ஒரு மாதிரி, ஆங்ரைட்டின் தாய்க்கோளுக்கு ஒரு மாதிரி. ஆய்வகக் கருவி இல்லாமல் இதைப் பார்க்க வழி கிடையாது.

ஆகவே இணையத்தில் யாராவது "அரிய ஆங்ரைட்டு, ஆய்வு செய்யப்படவில்லை, விலை மலிவு" என்று விற்றால் கடந்து போய்விடுங்கள். ஆய்வு செய்யாமல் அது ஆங்ரைட்டு என்று யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லி விற்கிறார்களா, அந்தப் பெயரை விண்கல் சங்கத்தின் இலவச இணையப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். மொத்த எடை, கிடைத்த இடம், வகை, யார் ஆராய்ந்தார்கள் எல்லாம் இருக்கும். படத்தில் இருக்கும் கல் அந்த விவரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் ஒப்பிடலாம். முதல் முறை வாங்குபவருக்கு யூக்ரைட்டு வில்லை போதும். ஆயிரத்துக்கும் மேல் பதிவாகியிருப்பதால் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும், வயதும் 450 கோடிக்கு மேல்.

இந்தியாவுக்குள் கல் விழுந்தால் விஷயம் வேறு. இங்கே விழும் விண்கற்களுக்குப் பாதுகாவலர் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் தியோதர் அருகே விழுந்தது ஆப்ரைட்டு என்ற அரிய தீப்பாறை வகை. ஒரு துண்டு வேப்பமரத்தில் மோதிச் சிதறியது. இந்தியாவில் அதற்கு முந்தைய ஆப்ரைட்டு 1852இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்தது. அப்படி ஒன்று உங்கள் தெருவில் விழுந்தால், கழுவ வேண்டாம், காந்தம் வைக்க வேண்டாம். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களுக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.